கடைமடைக்காரர் பேசட்டும்



சேத்தியாத்தோப்பு வட்டாரத்துக்குத் தண்ணீர் வரும் வழி உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு. தெற்கே வீராணம் ஏரி. அதற்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் வருகிறது. 2004 முதல் ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. ஆக, இருக்கிற தண்ணீரைப் பங்கிட்டுத்தான் ஆகணும். தலைமடையில் வரப்பு வழியுது, கடைமடையில் நாற்று கருகுது என்றால், பல இடங்களில் குறை வானத்தில் இல்லை, சங்கத்தில் இருக்கிறது.

பாசனத்தை விவசாயிகளே சங்கம் அமைத்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து நிர்வகிக்கத் தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சட்டம் வந்துவிட்டால் சங்கம் நடத்தத் தெரிந்துவிடுமா? நடவு போல அதுவும் பழகிக் கற்க வேண்டிய வேலை.

முதலில் கூட்டம். "கூட்டமா, தலைவர் பேசுவாரு, நாம காபி குடிச்சுட்டு வரலாம்" என்று சொல்கிறோமா, இல்லையா? இதை மாற்ற ஒரு சுலபமான வழி உண்டு. கடைமடைக்காரரை முதலில் பேசவிடுங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவர் முதலில் அபிப்பிராயம் சொல்லிவிட்டால், அவரிடம் கடன் வாங்கியவரும், குத்தகைக்கு உழுபவரும் வாய் திறக்க மாட்டார்கள். நிலம் யார் பேரிலோ இருக்க, மடை திறந்து களை பறிப்பது பெண்கள்தான். அவர்களையும் கூப்பிடுங்கள். எந்த மடை அடைத்துக் கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கணக்கு. இதில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இன்றும் இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு குழு. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தார்கள். பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது! சொத்தும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் என்ற அவர்கள் விதியை விட்டுவிடுவோம். கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தூர் வாரிய கூலி, ஷட்டர் பழுது பார்த்த செலவு எல்லாவற்றையும் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தை ஒருவர் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

சண்டை வரத்தான் செய்யும். ராத்திரியில் மடையை உடைத்தவரைச் சபையில் நிறுத்தித் திட்டினால் அவர் மறுநாளும் உடைப்பார். முதலில் இரண்டு பேர் அவர் வயலுக்கே போய்ப் பாருங்கள். அவர் மதகு மேடாகி, முறை நாளில் தண்ணீர் ஏறாமலிருக்கலாம்.

இன்னொன்று. சாவியும் முறை அட்டவணையும் தெரிந்தவர் ஒரே ஆளாக இருந்தால், அவர் படுத்துவிட்டால் சங்கமும் படுத்துவிடும். இளைஞர் இருவரை இப்போதே கூட வைத்துப் பழக்குங்கள்.

இந்த வருஷம் தண்ணீர் திறக்கும் முன் நடக்கும் கூட்டத்தைக் கடைமடை ஊரிலேயே வையுங்கள். வரும்போது வாய்க்கால் கரையோடு நடந்தே வாருங்கள். வழியில் கண்ட அடைப்புகளை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.