செம்பில் கீறிய ஓசூர்

பழைய ஜில்லா படம் ஒன்று கையில் கிடைத்தால், அதில் அச்சிட்ட ஆண்டைத் தேடும் முன் எல்லைக்கோட்டைப் பாருங்கள். கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. மேட்டிலிருக்கும் ஓசூரோ 1799 வரை மைசூரோடுதான் இருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே மைசூர் எல்லை ஓடினால், அந்தப் படம் சொல்வது இந்த ஏழாண்டு நிலவரம். இரண்டும் சேலம் ஜில்லாவுக்குள் இருந்தால், அது அதற்குப் பிந்தியது.

இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் 1579இலேயே மாவட்ட வாரியாகப் படத் தொகுப்பு வெளியிட்டார். நமக்கு 1827இல் தொடங்கிய 'இந்தியன் அட்லஸ்' உண்டு. அங்குலத்துக்கு நான்கு மைல். இங்கே சங்கிலி பிடித்து அளந்ததை லண்டனில் ஜான் வாக்கர் செம்புத் தகட்டில் வெட்டினார். சென்னையில் ஃபாரோ கம்பெனி 1854இல் தென்னிந்திய ஜில்லா படங்களைத் தொகுப்பாகவே வெளியிட்டது.

செம்புத் தகட்டில் ஊர்ப்பெயர், ஆறு, மலை எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் டை வெட்டுகிறவருக்கு இந்த வேலையின் கஷ்டம் சொல்லாமலே புரியும். வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். பள்ளத்து மை தாளில் மெல்லிய மேடாக ஏறும். தகட்டின் ஓரம் படத்தைச் சுற்றித் தாளில் பதிந்து நிற்கும். பிழை வந்தால் தகட்டைப் பின்புறமிருந்து தட்டி, அந்த இடத்தைச் சமன்செய்து மறுபடி வெட்டலாம். அதனால்தான் சாக்ஸ்டனின் தகடுகள் திருத்தம் ஏறி ஏறி 18ஆம் நூற்றாண்டிலும் அச்சேறின. ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் புதிதாக முளைத்த சாலையைக் கண்டுபிடிப்பதுதான், என்னைக் கேட்டால், சேகரிப்பின் உச்ச இன்பம்.

படங்களை அச்சிட்ட இன்னொரு முறை கல்லச்சு. அதில் பள்ளமே கிடையாது. சுண்ணக்கல்லில் எண்ணெய்ப் பசை மையால் வரைந்து நீர் தடவினால், வரைந்த கோடு மட்டும் மையைப் பிடிக்கும். தாளும் தடவினால் வழவழவென்றிருக்கும். அந்தக் காலப் படங்கள் பலவற்றில் எல்லை வண்ணத்தைத் தூரிகையால் கையாலேயே தீட்டினார்கள். பூதக்கண்ணாடியில் சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலப் பிரதி. அதற்குப் பழம்படத்தின் விலை கொடுக்காதீர்கள்.

தருமபுரி 1965இலும் கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டமாயின. 1965க்கு முந்திய சேலம் ஜில்லா படம் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். தொகுப்பாக இருந்தால், சட்டம் போட ஒரு தாளைக்கூடக் கிழிக்காதீர்கள்.