உம்மு ஸர்உ முதல் ஃபுல்லா வரை: அரபுப் பெண்ணின் உடலும் ஊடகத்தின் அளவுகோலும்

புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ள உம்மு ஸர்உ ஹதீஸை ஓதியவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். பதினொரு பெண்கள் ஓரிடத்தில் அமர்ந்து, தத்தம் கணவரைப் பற்றி எதையும் மறைக்காமல் பேசுவதென உறுதிபூணுகின்றனர். இறுதியாகப் பேசும் உம்மு ஸர்உ, கணவர் அபூ ஸர்உ தம்மைப் பேணிய சிறப்பைச் சொல்லும்போது, காதுகளில் நகைகள் ஆடியதையும் புயங்களில் கொழுப்பு நிறைந்ததையும் ஒரே மூச்சில் பெருமையாகக் கூறுகிறார். அவ்வீட்டு மகனைப் புகழும்போது, அவன் மெலிந்தவன், ஆட்டுக்குட்டியின் ஒரு முன்னங்காலே அவனுக்குப் போதும் என்கிறார். மகளைப் புகழும்போதோ, அவள் தன் ஆடையை நிறைத்திருப்பவள் என்கிறார்.

இவ்விடத்தை நடத்தும்போது மாணவியர் புன்னகைப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, "ஹஜ்ரத், இது புகழ்ச்சியா, பழிப்பா?" என்று கேட்டுவிட்டார். சொற்பொருளை விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றேன். ஆனால் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அரபியைப் பாடமாகக் கற்கும் நம் மாணவிக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகிய கெய்ரோ, பெய்ரூத், ரியாத் நகரங்களின் இளம்பெண்களுக்கும் இதே ஐயம் எழும் நிலை வந்துவிட்டதே, அதுதான் ஆராயத்தக்கது.

பழைய அரபு மொழி இவ்விஷயத்தில் மிகத் தெளிவாக இருந்தது. ஹிஜ்ரி 429இல் (கி.பி. 1038) மறைந்த ஸஆலபீ தமது 'ஃபிக்ஹுல் லுகா' நூலில் பெண்ணின் உடல் நிறைவைக் குறிக்கும் சொற்களைத் தரம்பிரித்துத் தொகுத்துள்ளார். கையும் காலும் திரண்டவளுக்கு ஒரு சொல், மற்றொரு வகை நிறைவுக்கு மற்றொரு சொல் என அவை நீள்கின்றன. இடை சிறுத்திருப்பதையும் அரபுக் கவிஞர்கள் பாடியுள்ளனர் என்பது உண்மையே. எனினும் எலும்பு தெரியும் மெலிவு அவர்களுக்கு வறுமையின், நோயின் அடையாளமாகவே பட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை மணவாழ்வுக்கு அனுப்புமுன் சற்றுச் சதைப்பிடிக்க வைக்க அவர்களின் தாயார் முயன்றதும், வெள்ளரிக்காயுடன் பேரீச்சம்பழம் உண்ட பின்னரே அது பயனளித்ததும் அபூதாவூதில் வருகிறது. நபிகளாருடன் (ஸல்) ஓட்டப்பந்தயத்தில் முதலில் வென்றதையும், பின்னர் உடல் பருத்தபோது தோற்றதையும் ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். உடல் பருத்ததை வெட்கப்படவேண்டிய ஒன்றாக அவர்கள் கூறவில்லை.

இதைக் கொண்டு பழைய அளவுகோல் பெண்ணுக்கு இரக்கம் காட்டியது என்று முடிவுகட்டிவிட முடியாது. மொரிட்டானியாவின் அரபு மொழி பேசும் மூர் சமூகத்தில் 'லெப்லூஹ்' என்றொரு வழக்கம் உண்டு. சிறுமியருக்குப் பாலையும் கூழையும் வலிந்து புகட்டி, விரைவில் மணமுடிக்கத்தக்க பருமனை உண்டாக்குவது அது. மறுத்த சிறுமியர் அடிபட்டதும் உண்டு. அங்கும் பெண்ணின் உடல் பிறர் கண்ணுக்காகவே வளர்க்கப்பட்டது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கவிஞன் சொல்லால் வரைந்த பெண்ணைக் கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்துக்கேற்பக் கற்பனை செய்துகொண்டனர். திரை அந்தச் சுதந்திரத்தைத் தருவதில்லை. ஒரே உருவத்தை எல்லா வீடுகளுக்கும் அனுப்புகிறது. எகிப்திய வானொலியில் மாதத்தின் முதல் வியாழன் இரவு உம்மு குல்ஸூமின் குரலுக்காக அரபுலகம் காத்திருந்த காலத்தில், கேட்போரை எட்டியது குரல் மட்டுமே. 1950களின் எகிப்தியத் திரைப்பட நாயகியர் பலரும் இன்றைய கணக்கில் பருமனானவர்களே. 1991இல் எம்பிசி இலண்டனிலிருந்து செயற்கைக்கோள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்பத்தாண்டு முடிவதற்குள் லெபனானின் எல்பிசி உள்ளிட்ட பல அலைவரிசைகள் வளைகுடா இல்லங்களுக்குள் நுழைந்தன. 2000க்குப் பின் பாடல் காட்சிகளுக்கென்றே தனி அலைவரிசைகள் பெருகின. நான்சி அஜ்ரமும் ஹைஃபா வெஹ்பேயும் புகழ்பெற்றது அக்காலத்தில்தான்.

பழியனைத்தையும் செயற்கைக்கோள்மீது சுமத்துவதும் முறையன்று. எகிப்திய மனநல மருத்துவர் மெர்வத் நாஸர் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இலண்டனில் பயிலும் 50 அரபு மாணவியரையும் கெய்ரோவில் பயிலும் 60 மாணவியரையும் ஒப்பிட்டார். அளவிறந்து உண்டு, பின் வலிந்து வாந்தியெடுக்கும் புலிமியா எனும் நோய் இலண்டன் மாணவியருள் ஆறு பேரிடம் காணப்பட்டது. கெய்ரோவில் ஒருவரிடமும் இல்லை. ஆனால் 1994இல் கெய்ரோவின் உயர்நிலைப் பள்ளி மாணவியரிடம் அவர் ஆய்ந்தபோது அந்நோய் அங்கும் தென்பட்டது. அப்போது செயற்கைக்கோள் அலைவரிசைகள் தொடக்க நிலையில்தான் இருந்தன. மேற்கத்திய இதழ்கள், திரைப்படங்கள், நகர வாழ்க்கை, பெண்கல்வியோடு வந்த புதிய போட்டிகள் எனப் பல வழிகளில் அந்த உருவம் முன்னரே வந்து சேர்ந்திருந்தது எனலாம்.

நம் அறிஞர்களின் கவனம் பெரும்பாலும் ஆடையிலேயே நின்றுவிட்டது. இதற்கு ஃபுல்லா பொம்மையைவிடச் சிறந்த சான்று இல்லை. 2003இல் சவூதி அரேபியாவின் மார்க்கக் காவல் துறை பார்பி பொம்மையை ஒழுக்கத்துக்குக் கேடு எனக் கண்டித்தது. அதே ஆண்டில் நியூபாய் எனும் அரபு நிறுவனம் ஃபுல்லாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கரிய அபாயா, தலைத்துணி, தொழுகை விரிப்பு அனைத்தும் அவளுக்கு உண்டு. பெற்றோர் மகிழ்ந்து வாங்கினர். மார்பகம் சற்றுக் குறைக்கப்பட்டது நீங்கலாக, அபாயாவுக்குள் இருந்தது அதே நீண்ட கால்களும் ஒடுங்கிய இடையும்தான். உம்மு ஸர்உ புகழ்ந்த மகளைப் போல் ஃபுல்லா தன் ஆடையை நிறைக்கவில்லை.

உண்மையான உடல்களோ எதிர்த்திசையில் சென்றன. எகிப்து, குவைத் போன்ற நாடுகளில் வயதுவந்த பெண்களில் குறைந்தது பத்துக்கு நால்வர் உடற்பருமன் உள்ளவர்கள். மாறிய உணவும், வெளியில் நடக்கவொட்டாத வெப்பமும், வாகனமும் இதற்குக் காரணங்கள். சவூதி அரசுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சிப் பாடம் அறிவிக்கப்பட்டதே 2017இல்தான். ஓடவும் விளையாடவும் இடம் தராமல் உடலைப் பருக்கவிட்ட சமூகம், மறுபுறம் திரையில் மெலிந்தவளை மட்டுமே அழகி என்று காட்டியது. 2016இல் எகிப்திய அரசுத் தொலைக்காட்சி எட்டுப் பெண் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களை ஒரு மாதம் விலக்கிவைத்து, எடை குறைத்து வருமாறு பணித்தது. அவ்வாறு பணித்த நிறுவனத் தலைவரும் ஒரு பெண்ணே, முன்னாள் தொகுப்பாளரே!

லெபனானில் வங்கி ஒன்று 2007இல் அழகு அறுவைச் சிகிச்சைக்கென 5,000 டாலர் வரை கடன் தந்தது. அதே ஆண்டு ஜூலையில், மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இவ்விஷயத்தில் தீர்மானம் இயற்றியது. பிறவிக் குறையையோ விபத்தால் நேர்ந்த குறையையோ நீக்கலாம், வெறும் அழகுக்காகத் தோற்றத்தை மாற்றலாகாது என்பது அதன் சாரம். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) தங்க மூக்குப் பொருத்திக்கொள்ள நபிகளார் (ஸல்) அனுமதித்ததும், அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்குவோரைச் சபித்ததும் இதன் அடிப்படைகளுள் அடங்கும். மனத்துன்பம் தரும் குறையை நீக்குவதற்கும் தீர்மானம் இடமளிக்கிறது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. 'அய்பு', அதாவது குறை, என்பதை வரையறுப்பது யார்? பெய்ரூத்தில் ஒரு பெண், தன் மூக்கினால் தனக்கு மனத்துன்பம் என்று மெய்யாகவே கண்ணீர் விடுகிறாள். அவள் பாட்டிக்கும் அதே மூக்குதான்; பாட்டி அதற்காக ஒருநாளும் அழுததில்லை. கைப்பேசியின் ஃபில்டர் நொடியில் சீராக்கிக் காட்டும் முகத்தோடு ஒப்பிட்டால், அல்லாஹ் படைத்த முகம் ஒவ்வொன்றும் குறையுள்ளதே. முஃப்தியிடம் வரும் கேள்வியில் இந்த வரலாறு எழுதப்பட்டிருப்பதில்லை.

2021 டிசம்பரில் சவூதியின் மன்னர் அப்துல் அஸீஸ் ஒட்டக விழாவில், உதட்டுக்கும் முகத்துக்கும் போடாக்ஸ் ஊசி முதலியவற்றால் அழகூட்டப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. ஒட்டகத்தின் இயற்கைத் தோற்றம் எதுவென்பதில் நடுவர்களுக்கு ஐயமிருக்கவில்லை.

இவ்வாண்டு அந்த ஹதீஸை நடத்தியபோது, ஸஆலபீயின் அப்பகுதியையும் மாணவியரை வாசிக்கச் செய்தேன். புன்னகைகள் இருந்தன. பின்வரிசையில் இருந்த ஒருவர், "எல்லோரும் அந்த மகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவள் தன்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது ஹதீஸில் இல்லையே, ஹஜ்ரத்?" என்றார். இல்லை என்றேன்.