முதிய பெற்றோரும் மருத்துவக் காப்புறுதியும்

நீரிழிவும் குருதி அமுக்கமும் நெடுநாளாக உடைய தாய் தந்தையர்க்கு மருத்துவக் காப்புறுதி தேடும் பிள்ளைகள் முதலிற் காண்பது ஏமாற்றமே. ஒரு நிறுவனம் வயது கடந்துவிட்டது என்கிறது. மற்றொன்று, உள்ள நோய்களை விலக்கி, ஏனையவற்றுக்கு மட்டும் பொறுப்பேற்க இசைகிறது. நோயாளிக்கன்றோ காப்புறுதி வேண்டும், அவரையே ஒதுக்குவது என்ன நியாயம் என்ற கேள்வி எழுவது இயல்பு.

காப்புறுதி என்பது, வருமோ வராதோ என அறிய இயலாத துன்பத்தின் செலவைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகும். நோயுற்ற பின்னரே எல்லோரும் சேர்வாராயின் பொது நிதி விரைவில் வற்றும், கட்டுப்பணம் உயரும், உயரவே, நலமாயிருப்போர் விலகுவர். இதனைத் தவிர்க்கவே நிறுவனங்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றன. பழைய நோயை முற்றாக விலக்குதல் ஒன்று. குறித்த காலம் காத்திருக்கச் செய்தல் மற்றொன்று. கட்டுப்பணத்தைக் கூட்டி ஏற்றுக்கொள்ளுதல் மூன்றாவது.

இந்நிலையிற் சிலர், நோயைச் சொல்லாது விட்டாலென்ன என எண்ணுவதுண்டு. அவசரப்படும் முகவர் சிலரும் அதற்குத் துணைபோவர். இதனிலும் பெரிய ஆபத்து வேறில்லை. காப்புறுதி பெறுவோர் தாம் அறிந்த முக்கிய உண்மைகளை மறைத்தலாகாது என்பதை 1766ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பாக உரைத்தார். அந்த நல்லெண்ண விதியே இலங்கையின் காப்புறுதி ஒப்பந்தங்களுக்கும் அடிப்படை. பணம் செலுத்தும் காலத்தில் எவரும் ஆராயார். பணம் கோரும் காலத்திலேயே ஆராய்வர். தந்தையாரின் கிளினிக் கொப்பியில் முதல் மாத்திரை எழுதப்பட்ட திகதி அன்று சாட்சி சொல்லும். கோரிக்கை மறுக்கப்படும், கட்டிய பணமும் பயனற்றுப்போகும், நோயாளியோ கட்டிலிற் கிடப்பார்.

ஆதலால் விண்ணப்பப் படிவத்தை முகவரிடம் விடாது, வைத்தியக் குறிப்புகளை அருகில் வைத்துக்கொண்டு தாமே நிரப்புதல் வேண்டும். எந்நோய் விலக்கப்படுகிறது, எத்துணைக் காலம் விலக்கப்படுகிறது, அந்நோயால் விளையும் சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு ஆகியனவும் விலக்கினுள் அடங்குமா, எந்த வயதுவரை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். வாய்மொழி உறுதி எதற்கும் உதவாது.

சட்டம் இவ்விடயத்தில் முதியோர்க்குத் துணைநிற்க முடியும் என்பதற்கு இந்தியா சான்று. அங்கு 2024ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களை மீறலாகாது. 60 மாதங்கள் தொடர்ந்து காப்புறுதி நிலைத்த பின்னர், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, உண்மை கூறவில்லை என்று கோரிக்கையை மறுக்கவும் இயலாது.

இலங்கையில் தனி ஒப்பந்தம் கிடையாதவிடத்து வேறு வாயில்களும் உள. தொழில் நிலையங்களின் கூட்டுக் காப்புறுதியிற் பெற்றோரைச் சேர்க்க இடமுண்டா என விசாரித்தல் நன்று. அரச உத்தியோகத்தருக்கான அக்ரஹார திட்டம், திருமணமாகாத உத்தியோகத்தரின் பெற்றோருக்கும் நிபந்தனைகளுடன் இடமளிக்கிறது. பாரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியை நாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நோய் உண்டா எனக் கேட்டு எவரையும் திருப்பியனுப்பாத இலவச அரச வைத்தியசாலைகள் நாடெங்கும் உள்ளன.

அறிந்த நோய்க்கு ஒழுங்கான கிளினிக்கும் மாதந்தோறும் ஒதுக்கும் சிறு சேமிப்பும் துணை. அறியாத விபத்துக்கும் புது நோய்க்கும் காப்புறுதி துணை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்து, உள்ளதை உள்ளவாறு கூறிப் பெறும் ஒப்பந்தம் சிறியதாயினும் ஆபத்தில் உதவும். மறைத்துப் பெற்றது பெரியதாயினும் வெறுங் கடதாசியே.