திரிபுற்ற டொமினன்ற் சுரக்கூட்டு: கிற்றார்ப் பயிற்சி பற்றிய ஒரு குறிப்பு

கிற்றார் பயில்வோர் பலர் திரிபுற்ற டொமினன்ற் சுரக்கூட்டுக்களை விரல்நிலைப் படங்களாகவே மனனஞ் செய்கின்றனர். அவ்வாறு பயிலும்போது சுரக்கூட்டு தன்னளவில் நிறைவுற்ற ஒரு பண்டமாகத் தோன்றுகின்றது. உண்மையில் அது ஓர் உறவு. முன்னும் பின்னும் வருவனவற்றாலேயே அது பொருள்பெறுகின்றது.

ஜி-ஏழு என்னும் டொமினன்ற் சுரக்கூட்டை நோக்குவோம். ஜி, பி, டி, எஃப் ஆகிய சுரங்களாலான இதன் இயக்கசக்தி பி, எஃப் இரண்டுக்குமிடையிலுள்ள முரணே. அம்முரண் சி-மேஜரில் தணிகின்றது. ஐந்தாம், ஒன்பதாம் சுரங்களை அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ பெறுவதே திரிபு. டி-பிளாற், ஈ-பிளாற், ஏ-பிளாற், பி-பிளாற் என்பன இவ்வாறு கிடைப்பன. இவை வெறும் அலங்காரங்களல்ல. உள்ளார்ந்த முரணைக் கூர்மைப்படுத்துவன.

கிற்றாரில் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே ஒலித்தல் அரிது. எனவே அடிச்சுரத்தைப் பாஸ் வாத்தியத்துக்கு விட்டுவிடலாம். நான்காந் தந்தியில் 3ஆம் பிரெற்றையும், ஏனைய மூன்று கீழ்த்தந்திகளிலும் 4ஆம் பிரெற்றையும் அழுத்துக. எஃப், பி, ஈ-பிளாற், ஏ-பிளாற் ஒலிக்கும். அடுத்து நான்காந் தந்தியில் 2ஆம் பிரெற்றுக்கும், இரண்டாம், முதலாந் தந்திகளில் 3ஆம் பிரெற்றுக்கும் இறங்குக. மூன்று சுரங்கள் அரைச்சுரம் தாழ்ந்து ஈ, டி, ஜி ஆகின்றன. மூன்றாந் தந்தியிலுள்ள பி மட்டும் அசையவில்லை. எனினும் முரணின் ஒரு முனையாயிருந்த அது இப்போது சி-மேஜரின் அமைதியான ஏழாஞ் சுரமாகிவிடுகின்றது. சுரம் மாறவில்லை, உறவு மாறியது.

இன்னொருவர் ஜி, சி என அடிச்சுரங்களை ஒலிக்க இதனைக் கேட்டல் வேண்டும். ஏனெனில் முதலாம் விரல்நிலைக்கு டி-பிளாற் அடிச்சுரமாயின், அதுவே திரிபேதுமற்ற டி-பிளாற் ஒன்பதாஞ் சுரக்கூட்டாகிவிடும். படத்தைமட்டும் அறிந்தவர் இவ்வேறுபாட்டை அறியார்.

இத்தகைய திரிபுகள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையிலும் உள்ளன. ஆயினும் ஜாஸ் இசையில் அவை செழித்தமைக்கு 1940களில் நியூயோர்க்கின் கறுப்பினக் கலைஞர் ஆற்றிய பங்கு பெரிது. கிற்றார்க் கலைஞர் சார்ளி கிறிஸ்ரியன் 1939 முதல் பெனி குட்மன் குழுவில் ஊதியத்துக்கு வாசித்தவர். வேலை முடிந்த இரவுகளில் அவர் ஹார்லெமிலிருந்த மின்ரன்ஸ் விடுதியில் சக கலைஞரோடு வாசித்தார்; 1941இல் அங்கு செய்யப்பட்ட ஒலிப்பதிவுகள் எஞ்சியுள்ளன. கூலி நேரத்துக்கு அப்பால், கூட்டு உழைப்பிற் பயின்ற அறிவு அது.

ஆகவே சுரக்கூட்டைத் தனித்தன்றி, அது சென்றடையும் சுரக்கூட்டோடு இணையாகவே, பன்னிரு சுருதிகளிலும் பயிலல் வேண்டும். இயலுமாயின் பிறரோடு பயிலல் இன்னும் நன்று.