எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

சென்னை ராயபுரத்தின் பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்த பெயர் அது. படகுத் தொழிலாளர்கள் அவருக்குக் கட்டிய கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. பவுல் சின்னப்பரானார், சேவியர் சவரியாரானார். அயர்லாந்தின் புனிதர் பேட்ரிக்குக்கு மட்டும் அந்த யோகம் இல்லை. பேட்ரிக்காகவே இங்கே புழங்குகிறார்.

ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் புனிதர் உண்மையில் அயர்லாந்துக்காரரே அல்ல. ரோமானிய பிரிட்டனில் பிறந்து, சிறுவயதில் கொள்ளையரிடம் சிக்கி, அயர்லாந்தில் அடிமையாக ஆடு மேய்த்தவர். அவர்மீதிருந்த பக்தியால் அயர்லாந்து மக்கள் பல நூற்றாண்டுகள் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு நேராக வைக்கத் தயங்கினார்கள். 'பேட்ரிக்கின் அடியான்' என்றுதான் வைத்தார்கள், நம் ஊர் ஏசுதாஸ், சங்கரதாஸ் மாதிரி. பிற்காலத்தில் தயக்கம் போய், வீட்டுக்கு ஒரு பேட்ரிக் என்றானது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அயர்லாந்துச் சிப்பாய்கள் ஏராளம். அவர்களைத் தொடர்ந்து பாதிரியார்களும் வந்தார்கள். 1838இல் சென்னைக்குத் துணை ஆயராக நியமிக்கப்பட்ட பேட்ரிக் ஜோசப் கேரி பிறகு கல்கத்தா போய்விட்டார். 1875இல் வந்த பேட்ரிஷியன் சகோதரர்கள் என்ற துறவு சபையினர் நடத்தும் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி அடையாறில் இருக்கிறது.

ஆனால் சென்னைக்கு வந்த பேட்ரிக்குகளில் முதலிடம் ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கே: பேட்ரிக் கெடஸ். 1854இல் பிறந்தவர், படித்தது உயிரியல், பிடித்தது ஊர்கள். தெருவையும் வீட்டையும் ஓர் உயிரின் உறுப்புகளாகப் பார்த்த மனிதர்.

1914இல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் நகரமைப்புக் கண்காட்சி நடத்த அவரை அழைத்தார். உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள் எனப் பல ஆண்டுகள் சேர்த்த கண்காட்சிச் சரக்கு முழுவதும் 'கிளான் கிராண்ட்' கப்பலில் ஏறியது. கெடஸ் வேறு கப்பலில் வந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் மினிக்காய் அருகே கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் பேசுகிறோமே, அந்த எம்டன்தான். கெடஸ் அசரவில்லை. நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய வேலை. தஞ்சாவூர், மதுரை என்று தெருத்தெருவாக நடந்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான பகுதி என்றால் மொத்தமாக இடித்து நேர்ச் சாலை போடுவதே அன்றைய அதிகாரிகளுக்குத் தெரிந்த வைத்தியம். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு இருந்த அப்படிப்பட்ட திட்டத்தை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுங்கள், சந்துகளைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், காலி மனைகளில் மரம் வையுங்கள், குடியிருப்பவர்களை விரட்டாதீர்கள் என்றார். செலவும் வெகுவாகக் குறையும் என்று கணக்குக் காட்டினார். நம் கோயில் நகரங்களின் அமைப்பை மெச்சித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இந்தூரில் பிளேக் பரவியபோது தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியேதான் ஊர்வலம் போகும் என்று அறிவித்ததும் ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது. ஊர்வலத்தில் ராட்சத எலி பொம்மையும் போனது. எந்தச் சட்டமும் சாதிக்காத காரியம் அது!

1925இல் அவர் டெல் அவிவ் நகரத்துக்குப் போட்ட திட்டத்தின்படி எழுந்த பகுதி 2003இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால் கெடஸ் எதை வேண்டாம் என்றாரோ, அந்த இடிப்பும் வெளியேற்றமும்தான் நம் நகரங்களில் நூறாண்டாகத் தொடர்கிறது. ராயபுரம், திருவொற்றியூர் சந்துகளுக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் அந்தத் தஞ்சாவூர் அறிக்கையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.