எரிபந்தம் தாங்கும் நெல் எங்கிருந்து வருகிறது?

படுவான்கரை வெள்ளாமைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "எரிபந்தம் பிடிக்காத நெல் எப்ப வரும்?"

ஏற்கெனவே ஒன்று வந்தது. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டுப் பழைய நெல்லான முருங்கக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் இனத்தையும் கலந்து உருவாக்கிய எச்-4, 1950களின் பிற்பகுதியில் வெளியானது. எரிபந்தத்தைத் தாங்கியது, விளைச்சலும் கூடியது.

கலப்பது எப்படி? ஒரு நெற்பூவின் மகரந்தப் பைகளை முதிருமுன் அகற்றிவிட்டு, மற்ற இனத்தின் மகரந்தத்தைத் தூவுவார்கள். அதில் விளைந்த விதைகளைத் தலைமுறை தலைமுறையாக நோய்க்கு நடுவே வளர்த்து, தாங்கி நிற்பவற்றை மட்டும் தெரிவார்கள். பிறகு பல மாவட்ட வயல்களில் பரிசோதனை. பத்து வருடம் ஆவது சாதாரணம்.

ஆனால் எரிபந்தத்தை உண்டாக்கும் பங்கசும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே இனத்தை வட்டை முழுவதும் வருடக்கணக்கில் விதைத்தால், அந்த எதிர்ப்பை அது ஒருநாள் உடைத்துவிடும். அப்போது ஆய்வாளர்கள் புது எதிர்ப்பைத் தேடிப் பழைய நெல்லிடம்தான் திரும்பவும் போகவேண்டும்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் விதைநெல்லும் கைவிடப்பட்டது. அன்று ஒரு போகத்தின் விதையோடு, நாளைய நோய்க்கான மருந்தையும் இழந்திருக்கலாம். கன்னொறுவ தாவர மரபுவள நிலையம் பாரம்பரிய இனங்களைப் பாதுகாக்கிறது. அங்கு போய்ச் சேராதவை வயலில்தான் வாழவேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய நெல் ஏதாவது மிஞ்சியிருந்தால், வருடாவருடம் ஒரு மூலையிலாவது விதையுங்கள்.