வாள்கள் பல, வணக்கம் ஒன்று

வாளும் கேடயமும் போர்க்களத்தை விட்டு நீங்கி நெடுங்காலம் ஆன பின்னரும், அவற்றைக் கையாளும் கலைகள் அழிந்துவிடவில்லை. ஜப்பானில் கெண்டோவாகவும், ஐரோப்பாவில் ஃபென்சிங் எனப்படும் நவீன வாள்வீச்சாகவும், பஞ்சாபில் கத்காவாகவும், மணிப்பூரில் தாங்-டாவாகவும், கேரளத்தில் களரிப்பயிற்றாகவும், தமிழகத்தில் சிலம்பத்தோடு இணைந்த வாள் பயிற்சியாகவும் அவை இன்றும் கற்பிக்கப்படுகின்றன. உடல்நலம், போட்டி, மரபின் மீதுள்ள பற்று ஆகியவற்றுக்காகவே மக்கள் இவற்றைப் பயில்கின்றனர் எனினும், ‘எது உண்மையான வாட்கலை’ என்ற வழக்கு மட்டும் இவர்களிடையே ஓய்ந்தபாடில்லை. ஃபென்சிங் வெறும் கம்பி விளையாட்டு என்றும், சிலம்பம் கண்ணுக்கு விருந்தாகும் அலங்காரம் மட்டுமே என்றும், களரி மேடைக்கு மட்டுமே ஏற்றது என்றும் ஒரு சாராரை மற்றொரு சாரார் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இத்தகைய பேச்சு அறியாமையில் பிறப்பது என்பதோடு, ஏற்கெனவே நலிந்து மீண்ட கலைகளை மேலும் நலியச் செய்வதும் ஆகும்.

ஒரு கலை மற்றொன்றை மதித்துத் தன்னையும் வளர்த்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சென்னையின் திருவான்மியூரும் அதன் அண்டைப் பகுதியும் நல்ல சான்றுகளைக் கொண்டுள்ளன. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திரா, 1962-இல் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. பரதநாட்டியத்திற்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம், அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் ஆகிய கதகளி ஆசான்களை வரவழைத்து, அவர்களது கலைக்குத் தன் நாட்டிய நாடகங்களில் சிறப்பான இடம் அளித்தது. கதகளியின் உடற்பயிற்சிக்கும் எண்ணெய் தேய்த்து உடலை நெகிழச் செய்யும் உழிச்சல் முறைக்கும் களரியே ஊற்றாக இருப்பதால், கேரளத்துப் போர்க்கலையின் சாயல் இவ்வாறு நாட்டியத்தின் வழியே தென்சென்னைக்கு வந்து சேர்ந்தது எனலாம். பின்னர், பெசன்ட் நகர் கடற்கரையை அடுத்து வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா, 1985-இல் உருவாக்கிய ‘அங்கிகா’ என்னும் படைப்பில் பரதநாட்டியத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் ஒரே மேடையில் நிறுத்தினார். களரி வீரரை நாட்டியக்காரராக மாற்றவோ, நாட்டியக்காரரைக் களரி வீரராக மாற்றவோ முற்படாமல், உடலின் ஆற்றலைப் பற்றி இரண்டும் அறிந்துவைத்திருப்பதை அருகருகே வைத்துக் காட்டியதே அம்முயற்சியின் பெருமை.

ஒரே இழப்பின் வாரிசுகள்

இன்று வாழும் வாட்கலைகள் பலவும் ஒருமுறையேனும் தம் வாளை இழந்தவை. பாளையக்காரர் போர்களுக்குப் பின், 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தென்தமிழகத்தில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அக்கட்டுப்பாட்டை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. வாள் பறிபோன ஊர்களில் கம்பு மட்டும் எஞ்சியது. வயல் வரப்பிலும் கோயில் திருவிழாவிலும் எவர் கண்ணையும் உறுத்தாத அந்தக் கம்புதான் பழைய பயிற்சியின் அடவுகளையும் கால்வைப்புகளையும் காப்பாற்றித் தந்தது. மணிப்பூரில் 1891-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் தாங்-டாவும் இவ்வாறே ஒடுக்கப்பட்டது. ஜப்பானில் 1876-ஆம் ஆண்டின் அரசாணை சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவதை விலக்கியது. இரண்டாம் உலகப் போரின் தோல்விக்குப் பின் கெண்டோவும் தடைசெய்யப்பட்டு, 1952-இல் அமைந்த அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பின் வழியாகவே புத்துயிர் பெற்றது. ஐரோப்பாவிலோ இடைக்கால வாள் பயிற்சியின் குரு-சீட மரபு முற்றிலும் அறுந்துபோய், இன்றைய ஆர்வலர்கள் பழைய ஓவியச் சுவடிகளைப் படித்து அதை மீட்டெடுக்க முயல்கின்றனர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச ஆயுதக் காட்சியகம் பாதுகாக்கும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சுவடி, அவர்களது மூலநூல்களுள் முதன்மையானது. ஒவ்வொரு குழுவும் ஏதோ ஒரு துண்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறதே அன்றி, முழுமையை எவரும் வைத்திருக்கவில்லை.

விதி எதற்காக?

இழப்புக்குப் பின் எஞ்சியதைப் பாதுகாப்பாகப் பயிலும்பொருட்டு ஒவ்வொரு கலையும் சிலவற்றை விட்டுக்கொடுத்து, சிலவற்றைக் கூர்மையாக்கியது. ஃபென்சிங்கில் ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று ஆயுதங்கள் உண்டு. ஃபாயில் முனையால் நடுவுடலை மட்டுமே தொட வேண்டும்; எப்பேயில் தலை முதல் பாதம் வரை எங்கு தொட்டாலும் புள்ளி உண்டு; குதிரைப்படையின் வெட்டுவாளோடு தொடர்புடைய சேபரில் இடுப்புக்கு மேல் குத்தவும் வெட்டவும் செய்யலாம். பதினான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய களத்திற்குள் முன்னும் பின்னும் மட்டுமே நகர வேண்டும் என்ற கட்டுப்பாடு, சுற்றிச் சுழலும் அடவுகளை விலக்கிவிட்டாலும், தொலைவைக் கணிக்கும் திறனையும் நொடியின் சிறு பகுதிக்குள் முடிவெடுக்கும் வேகத்தையும் உச்சத்திற்குக் கொண்டு சென்றது. கெண்டோவில் நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஷினாய் என்னும் வாளால் தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகிய இடங்களில் மட்டுமே தாக்கலாம்; அடி சரியான இடத்தில் விழுந்தால் மட்டும் போதாது, குரலும் உடலும் மனமும் அதனோடு ஒன்றியிருக்க வேண்டும். களரியில் உடலைப் பண்படுத்தும் மெய்த்தாரி, கம்பு பழகும் கோல்த்தாரி, வாளும் கேடயமும் உறுமி என்னும் சுருள்வாளும் வரும் அங்கத்தாரி, வெறுங்கை என்று படிப்படியாகவே பயிற்சி அமைந்துள்ளது. சிலம்பத்தில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, வாள், சுருள்வாள், மான்கொம்பு எனப் பல கருவிகளைச் சுழற்றி ஆடும் வரிசைகளும், எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறையும் தனித்தனியே வளர்ந்துள்ளன. ஆகவே, எது உண்மையானது என்ற கேள்வியை விட, எந்தத் திறனைச் சோதிக்க இந்த விதி ஏற்பட்டது என்று கேட்பதே நியாயமானது.

அவ்வாறு கேட்கத் தொடங்கினால் வியப்பான ஒற்றுமைகள் வெளிப்படும். எதிராளியைத் தொட்டது உண்மைதானா என்பதை எவ்வாறு நிறுவுவது என்ற சிக்கல் எல்லாக் கலைகளுக்கும் பொதுவானது. சிலம்பப் போட்டிகளில் கம்பின் நுனியில் ஒட்டும் தன்மையுள்ள வண்ணப்பொடியைப் பூசி, உடலில் பதிந்த அடையாளங்களை எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் முறை இருந்தது. ஐரோப்பியரும் எப்பே வாளின் நுனியில் சாயம் தோய்த்து, வெள்ளை உடையில் பதியும் கறையைக் கொண்டு முடிவு சொல்லிவந்தனர். 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் எப்பேக்கு மின்கருவி வந்த பின்னரே அம்முறை வழக்கொழிந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே தீர்வை எட்டியிருப்பது, இரண்டிலும் நேர்மை பற்றிய கவலை ஒன்றாகவே இருந்தது என்பதைக் காட்டுகிறது.

வணக்கமும் வாளும்

எல்லா வாட்கலைகளும் வணக்கத்தில் தொடங்குகின்றன. சிலம்பத்தில் ஆசானையும் அவையையும் வணங்கிச் சலாவரிசை எடுத்த பின்னரே ஆட்டம் தொடங்கும். களரிக்குள் வலது காலை முதலில் வைத்து நுழைபவர், மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தென்மேற்கு மூலையிலுள்ள ஏழு படிகள் கொண்ட பூத்தறையை வணங்குவார். கெண்டோவில் புள்ளி எடுத்த மகிழ்ச்சியில் கையை உயர்த்திக் கொண்டாடினால், எடுத்த புள்ளியே ரத்தாகிவிடும். தோற்றவரை அவமதிக்கும் வெற்றி வெற்றியாகாது என்பது அங்கே விதியாகவே நிற்கிறது. ஃபென்சிங்கில் எதிராளிக்கும் நடுவருக்கும் பார்வையாளருக்கும் வாளை உயர்த்தி வணக்கம் செலுத்துவது கட்டாயம். முடிவில் கைகுலுக்குவதும் நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2023-இல் மிலான் நகரில் நடந்த உலகப் போட்டியில், உக்ரைன் வீராங்கனை ஓல்ஹா கார்லான், தம் நாட்டின் மீது போர் தொடுத்த ரஷ்யாவைச் சேர்ந்த வீராங்கனையை வென்ற பின், கைகுலுக்க மறுத்து வாளை மட்டும் நீட்டியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பெரும் விவாதம் எழவே, அவர் மீதான தடை நீக்கப்பட்டதுடன், தொலைவில் நின்று வாளால் வணங்கினாலும் போதும் என விதியே திருத்தப்பட்டது. வணக்கத்தின் வடிவம் மாறலாம், வணக்கமே இல்லாத வாள்வீச்சுக்கு இடமில்லை என்பதே அந்நிகழ்வின் முடிவாக அமைந்தது.

மரபுகள் எந்த அளவுக்கு ஒன்றையொன்று தழுவி நிற்க முடியும் என்பதற்குச் சென்னை வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவி வாழும் எடுத்துக்காட்டு ஆவார். 2004-இல் பள்ளிச் சிறுமியாக ஃபென்சிங் பழகத் தொடங்கிய அவர், கருவிகளின் விலை எட்டாததால் தொடக்கத்தில் மூங்கில் குச்சியைக் கொண்டே பயின்றார். பின்னர் கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் பயிற்சி பெற்று, டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை என்ற பெருமையை அடைந்தார். 2021 ஜூலை 26 அன்று துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்ற கணக்கில் வென்ற அவர், 2023-ஆம் ஆண்டு ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப் போட்டியில் உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் வென்றார். ஐரோப்பாவில் உருவான ஒரு விளையாட்டில் தமிழ்ப் பெண் ஒருவர் சிறந்து விளங்கியதால் சிலம்பத்தின் மதிப்பு சிறிதும் குறைந்துவிடவில்லை. வாள் பிடிக்க விரும்பும் பெண் குழந்தைகளுக்கு வழி மேலும் அகலமாயிற்று.

மதிப்பைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது, ‘எல்லாக் கலைகளுக்கும் எங்கள் கலையே தாய்’ என்னும் கூற்று. காஞ்சிபுரத்து இளவரசர் எனக் கருதப்படும் போதிதர்மர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் போர்க்கலையைக் கற்பித்தார் என்று பலரும் நம்பினாலும், அவரோடு உடற்பயிற்சியைத் தொடர்புபடுத்தும் சீன நூல் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட 1624-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என ஆய்வாளர் காட்டியுள்ளனர். வடக்கன் களரி பரசுராமரையும் தெக்கன் களரி அகத்தியரையும் மூலவராகக் கொள்வதும் மரபுவழி நம்பிக்கையே. இந்நம்பிக்கைகளைப் போற்றுவதில் பிழை இல்லை. ஆனால், பிறருடைய உழைப்பைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள அவற்றைப் பயன்படுத்துவது மரபுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள தஞ்சை அரண்மனை ஆயுதங்களைக் காண்போர், பிறர் உழைப்பை மதித்து ஏற்பதும் மரபே என்பதை நேரில் உணரலாம். அங்குள்ள கட்டாரிகள் பலவற்றில், தமிழகக் கொல்லர்கள் நுட்பமாகச் செதுக்கிய கைப்பிடிகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த வாள் அலகுகள் பொருத்தப்பட்டுள்ளன. உலகமே விரும்பி வாங்கிய வார்ப்பு எஃகை உருவாக்கிய நிலத்தின் கைவினைஞர்கள், அயலான் அலகு நன்றாயிருக்கக் கண்டு அதை ஏற்கத் தயங்கவில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் ஃபென்சிங், களரிப்பயிற்று, கத்கா, தாங்-டா ஆகியவற்றோடு சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவ்வாறு ஒரே விழாவில் கூடும் இக்கலைகளின் மாணவர்கள், ஒருவர் களத்தை மற்றவர் சென்று காணவும், ஒருநாளேனும் மற்றவரின் ஆயுதத்தைக் கையில் ஏந்திப் பார்க்கவும் ஆசான்களும் அமைப்பாளர்களும் வழிசெய்ய வேண்டும். பிறர் கலையைப் பழித்துப் பேசும் மாணவரைத் திருத்துவது, தவறான அடவைத் திருத்துவதைப் போலவே ஆசானின் கடமை. பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும் பெற்றோரும், இங்கே எத்தனை பதக்கம் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், பிற கலைகளைப் பற்றி இங்கே எவ்வாறு பேசப்படுகிறது என்பதைக் கவனித்துச் சேர்ப்பது நலம்.